எவர் எண்ணம், எவர் சூழல்? திருவனந்தபுரத்தை முன்வைத்து ஒரு விசாரணை

1. கைதி மொழிபெயர்த்த நூல்

ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1903இல் வெளியிட்ட சிறுநூல் ஒன்று 1909இல் 'மனம்போல வாழ்வு' என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. மொழிபெயர்த்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. அப்போது அவர் கோயம்புத்தூர்ச் சிறையில் கடுங்காவல் கைதி. 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர், 1908 மார்ச்சில் கைதானவர், இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டவர், சிறையில் செக்கிழுத்தவர். ஒருவனுடைய வாழ்நிலை அவன் மனத்தில் விளைந்ததே என்று வாதிடும் நூலை, எப்போது உண்பது, எப்போது உறங்குவது என்பதைக்கூடத் தாம் தீர்மானிக்க முடியாத இடத்தில் இருந்தபடி அவர் தமிழாக்கினார்.

எண்ணமே வாழ்வை ஆக்குகிறது என்ற கூற்று இன்று தமிழில் தன்முன்னேற்ற நூல்கள் வழியாகவும் மேடைப் பேச்சுகள் வழியாகவும் பரவிக் கிடக்கிறது. அதை அப்படியே ஏற்பவர்கள் வென்றவர்களின் கதைகளைச் சான்றாக வைக்கிறார்கள். மறுப்பவர்களோ, வறுமையில் கிடப்பவனைப் பார்த்து உன் எண்ணம் சரியில்லை என்று சொல்வது கொடுமை என்கிறார்கள். மறுப்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எண்ணத்துக்கு எந்த வேலையும் இல்லை என்று தள்ளிவிட்டால், தாழ்த்தி வைக்கப்பட்ட மக்கள் தங்கள் நிலையைத் தாங்களே மாற்றிக்கொண்ட வரலாறு விளங்காமல் போய்விடும். இரு தரப்பும் கேட்க மறந்த ஒரு கேள்வி இருக்கிறது என்று கருதுகிறேன். எவருடைய எண்ணம் எவருடைய சூழலை ஆக்குகிறது? ஆலனின் வாதத்தில் எண்ணுபவனும் அதன் விளைவில் வாழ்பவனும் ஒரே ஆள். சமூக வாழ்வில் பெரும்பாலும் அவர்கள் இருவேறு ஆட்கள்.

நம் மரபு இதில் எச்சரிக்கையாகவே இருந்திருக்கிறது. எண்ணியதை எண்ணியபடியே அடையலாம் என்ற கருத்தைத் திருக்குறள் 'வினைத்திட்பம்' அதிகாரத்தில்தான் வைக்கிறது. எண்ணியவர் திண்ணியராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வைக்கிறது. அதே நூலில் ஊழுக்குத் தனி அதிகாரம் உண்டு. ஊழையும் பின்தள்ளும் முயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமையும் உண்டு. மூன்றையும் சேர்த்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் சுவரில் எழுதி வைப்பது நம் காலத்துப் பழக்கம்.

இந்தக் கேள்வியை ஆராயத் திருவனந்தபுரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1838க்கும் 1936க்கும் இடைப்பட்ட ஏறத்தாழ நூறு ஆண்டுகளில், இந்நகரைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூரில் எண்ணமும் சூழலும் ஒன்றோடொன்று மோதியதை ஆவணங்களோடு பார்க்க முடிகிறது.

2. பிறர் எண்ணத்துக்குள் வாழ்ந்தவர்கள்

தீண்டாமையைச் சட்டமாகவோ பொருளாதார ஏற்பாடாகவோ மட்டும் பார்ப்பது வழக்கம். அடிப்படையில் அது ஓர் எண்ணம்: சிலர் அருகில் வந்தாலே மற்றவர் தூய்மை கெடும் என்ற எண்ணம். அந்த எண்ணம் திருவிதாங்கூரில் அடிக்கணக்காக அளக்கப்பட்டது. எந்தச் சாதியார் எவரிடமிருந்து எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும், எந்தச் சாலையில் நடக்கக் கூடாது, இடுப்புக்கு மேல் என்ன உடுக்கலாம், எந்த உலோகத்தில் நகை அணியலாம் என்பதெல்லாம் அதிலிருந்து பிறந்தவை. ஆக, ஒரு புலையர் குடும்பத்தின் சூழல் எண்ணத்தால் ஆனதுதான். ஆனால் அது அவர்களுடைய எண்ணம் அன்று.

இதைவிட ஆழமான ஒன்றை லண்டன் மிஷன் ஊழியர் சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். புலையர் ஒருவர் மேல்சாதியாரிடம் பேசும்போது 'நான்' என்று சொல்லக் கூடாது. 'அடியேன்' என்றே சொல்ல வேண்டும். தான் உண்ணும் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது; அழுக்குக் கஞ்சியைக் குறிக்கும் 'கரிக்காடி' என்ற சொல்லையே சொல்ல வேண்டும். தன் பிள்ளைகளைக்கூடக் குரங்குகள் என்றோ கன்றுகள் என்றோதான் குறிப்பிட வேண்டும். மட்டீர் மதம் பரப்ப வந்தவர். இந்து சமூகத்தின் இருண்ட பக்கங்களை அழுத்திக் காட்டும் தேவை அவருக்கு இருந்தது. அதைக் கணக்கில் கொண்டே அவரைப் படிக்க வேண்டும். ஆனாலும் தன்னைத் தாழ்த்திப் பேச வைக்கும் இத்தகைய வழக்கு தமிழகத்து வயல்வெளிகளுக்கும் புதிதன்று.

இந்தப் பதிவு ஆலனின் வாதத்துக்குப் பெரிய சிக்கலை உண்டாக்குகிறது. எது பறிபோனாலும் எண்ணம் ஒருவனின் சொந்த உடைமை, அங்கிருந்து தொடங்கலாம் என்பது அவருடைய அடித்தளம். தன் பிள்ளையைத் தன் வாயாலேயே கன்று என்று சொல்லிப் பழகிய தாய்க்கு அந்தத் தொடக்க இடமும் ஆக்கிரமிக்கப்பட்டிருந்தது. 1855இல் திருவிதாங்கூர் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது. மட்டீரின் நூல் வந்தது அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து.

3. தலைப்பாகையும் கண்ணாடியும்

1838இல் சுவாதித் திருநாள் மகாராஜாவின் அரசு, தென்திருவிதாங்கூரின் சாமிதோப்பிலிருந்து ஒருவரைக் கைது செய்து திருவனந்தபுரம் கொண்டுவந்து சிங்காரத்தோப்பில் அடைத்தது. 1839இல் விடுதலையான அவரை இன்று அய்யா வைகுண்டர் என்று அழைக்கிறோம். இசையில் ஈடற்ற மேதையாகப் போற்றப்படும் அரசர் ஒருவரின் ஆட்சியில் இது நடந்தது என்பதைத் திருவனந்தபுரத்தின் பண்பாட்டு வரலாறுகள் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

வைகுண்டர் படை திரட்டவில்லை. அவர் செய்தவை கண்ணால் காணக்கூடிய எளிய காரியங்கள். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்தார்கள். 'துவையல் பந்தி' என்ற பெயரில் குடும்பங்கள் கூடித் தங்கி, தூய்மை, கூட்டு உணவு, வழிபாடு ஆகியவற்றைப் பழகின. ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட்டார்கள். இந்தக் கடைசிச் செயலின் எடையை உணர, அன்றைய வழக்கை நினைக்க வேண்டும். மேல்சாதியார் எதிரில் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டுவதே அன்று சாணார் என்று குறிக்கப்பட்ட நாடார்களுக்கும் பிறருக்கும் விதிக்கப்பட்டிருந்தது. எந்தத் துணியை மனிதர் முன்னால் அவிழ்க்க வேண்டியிருந்ததோ, அதைக் கடவுள் முன்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார் வைகுண்டர்.

இன்றும் வைகுண்டரைப் பின்பற்றுவோரின் வழிபாட்டிடங்களான சாமிதோப்புப் பதியிலும் ஊர்தோறும் உள்ள நிழல் தாங்கல்களிலும் பள்ளியறையில் சிலை இல்லை. விளக்குகளுக்கு நடுவே நிலைக்கண்ணாடி இருக்கிறது. நெற்றியில் வெள்ளை நாமமிட்டு, தலையில் துணி கட்டி, மேலாடை இல்லாமல் உள்ளே போகிற ஆண் அங்கே காண்பது தன் முகத்தை. தலைப்பாகை கட்டிய தன் முகத்தை. தெருவில் அன்று எந்தக் கோலம் தண்டனைக்குரியதாக இருந்ததோ, அந்தக் கோலம் இங்கே வழிபாட்டுக்குரிய இடத்தில் தெரிகிறது. ஒருவர் தம்மைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தை மாற்ற இதைவிடத் தெளிவான ஏற்பாட்டை நான் அறியேன். பல பத்தாண்டுகளுக்குப் பின், 1927இல், ஈழவரான நாராயண குரு களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். மருத்துவாமலையில் தவமிருந்த குருவுக்குச் சாமிதோப்பு அதிகத் தொலைவில்லை என்பதைச் சுட்டி, இரண்டையும் ஒரே சரடாகக் கோப்பவர்கள் உண்டு. ஒற்றுமை மட்டும் தாக்கத்துக்குச் சான்றாகிவிடாது. இரு இயக்கங்களும் தம்மளவில் ஒரே தேவையை உணர்ந்தன என்று கொள்வதே பொருத்தம்.

சூழல் மாறியதா? மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமைக்காகச் சாணார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் 1859இல் உச்சத்துக்குப் போனது. அவ்வாண்டு ஜூலை 26இல் அரசு அறிவிப்பு வந்தது. அதன் வாசகம் கவனத்துக்குரியது. சாணார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப் போல ரவிக்கை அணியலாம். முரட்டுத் துணியை மீனவரான முக்குவப் பெண்கள் கட்டுவதுபோலக் கட்டிக்கொள்ளலாம். எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. உடல் மறைய அனுமதி கிடைத்தது. அடையாளம் மறைய அனுமதி கிடைக்கவில்லை.

இந்த வெற்றியை எவர் கணக்கில் எழுதுவது என்பதில் மூன்று கருத்துகள் உள்ளன. மிஷன் வரலாறுகள் அதைப் பள்ளிக்கூடங்களுக்கும் மதமாற்றத்துக்கும் தருகின்றன. வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழி மரபு அவருக்குத் தருகிறது. நாடார்களைப் பற்றி ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட ஆய்வு போன்றவை பொருளாதார மாற்றத்துக்கும் சமூக அமைப்புக்கும் முக்கிய இடம் தருகின்றன. போராட்டத்தின் முன்னணியில் கிறிஸ்தவப் பெண்கள் இருந்தார்கள் என்பதும், சென்னை கவர்னர் டிரெவெலியனின் நெருக்குதல் இல்லாமல் திருவனந்தபுரம் இறங்கி வந்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் கவர்னரின் கடிதம் ஒரு பெண்ணின் தோளில் துணியைப் போட்டுவிடாது. அடி விழும் என்று தெரிந்தும் அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவர்களுக்கு, அதற்கு முன்பே தங்களைப் பற்றிய ஓர் எண்ணம் மாறியிருக்க வேண்டும்.

4. 1863இல் பிறந்த இருவர்

ஒரே ஆண்டில், ஒரே நகரின் சுற்றுவட்டத்தில் பிறந்த இருவரை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பை வரலாறு அரிதாகவே தருகிறது. 1863 ஆகஸ்டில் வெங்கானூரில் புலையர் குடும்பத்தில் அய்யன்காளி பிறந்தார். அதே ஆண்டு நவம்பரில் திருவனந்தபுரம் பேட்டையில் ஈழவர் குடும்பத்தில் பல்பு பிறந்தார்.

பல்புவின் வாழ்க்கை, எண்ணமே சூழலை ஆக்கும் என்போருக்குக் கடினமான சோதனை. நேர்மறை எண்ணம், உழைப்பு, ஒழுக்கம், திறமை என்று தன்முன்னேற்ற நூல்கள் கேட்கும் எதுவும் அவரிடம் குறைவில்லை. திருவிதாங்கூரில் மருத்துவம் படிக்க இடம் மறுக்கப்பட்டபோது சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். திரும்பி வந்து வேலை கேட்டார். சொந்த நாடு தரவில்லை. மைசூர் அரசு தந்தது. 1898இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியபோது அங்கே பணியாற்றியது இவர்தான். தன்னை மருத்துவராக ஏற்க மறுத்த ஊரில் பிறந்தவர். மைசூரில் கதவைத் திறந்த அதே திறமை திருவனந்தபுரத்தில் ஏன் திறக்கவில்லை? மனம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கதவுக்குப் பின்னால் இருந்தவர்களின் மனம் வேறு.

பல்பு இதைச் சரியாகவே புரிந்துகொண்டார். 1891இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மலையாளி மெமோரியலில் அவர் பெயரும் இருந்தது. வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்கள் உயர்பதவிகளை நிரப்பியிருந்ததை எதிர்த்த மனு அது. தமிழ் வாசகர்கள் அதைச் சங்கடத்தோடேனும் படிக்க வேண்டும். அதனால் ஈழவருக்குப் பயன் விளையாததால், 1896இல் 13,176 ஈழவர்களின் கையெழுத்தோடு தனி மனு கொடுத்தார். அதுவும் பலிக்கவில்லை. 1903இல் நாராயண குருவைத் தலைவராகக் கொண்டு ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் உருவானபோது அதன் பின்னணியில் பல்பு இருந்தார். 1888இல் நெய்யாற்றங்கரை அருகே அருவிப்புறத்தில் ஈழவரான குரு சிவனைப் பிரதிஷ்டை செய்தது முன்பே நடந்துவிட்டது. தனிமனிதத் தகுதியால் முடியாது, மனுவால் முடியாது, அமைப்பும் வழிபாடும் கல்வியும் சேர்ந்தால் முடியும் என்று ஒரு மருத்துவர் படிப்படியாகக் கண்டடைந்த பாதை இது.

அய்யன்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1893இல் அவர் ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளைக் காளைகள் இரண்டைப் பூட்டி, அவற்றின் கழுத்தில் மணி கட்டி, வெள்ளை வேட்டியும் மேல்துண்டும் தலைப்பாகையுமாக வெங்கானூர்ப் பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். கழுத்துமணி இங்கே அலங்காரம் மட்டுமன்று. கீழ்சாதியார் தாங்கள் வருவதைக் கூவி அறிவித்து ஒதுங்க வேண்டிய சாலையில், அவருடைய வருகையை மணி அறிவித்தது. ஒதுங்க வேண்டியது எவர் என்ற கேள்வியும் அதோடு எழுந்தது.

பொதுச்சாலைகள் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று திருவிதாங்கூர் அரசு 1865இலேயே அறிவித்திருந்தது. 1884இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. சட்டம் காகிதத்துக்கு வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தே வண்டி சாலைக்கு வந்தது. சட்டம் இருந்தும் சூழல் மாறவில்லை. சாலையில் போக உரிமை உண்டு என்ற எண்ணம் மனத்தோடு நின்றிருந்தாலும் மாறியிருக்காது. சட்டத்தையும் எண்ணத்தையும் இணைத்தது மரத்தாலும் இரும்பாலும் ஆன ஒரு வண்டி. அதற்குப் பின்னால் தற்காப்புப் பயிற்சி பெற்ற இளைஞர் கூட்டம். 1898இல் பாலராமபுரம் சாலியர் தெருவில் நடந்த மோதல், அந்த எண்ணத்துக்கு எவ்வளவு இரத்தம் விலையாகக் கேட்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் பிறந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் வேளாண் தொழிலாளர்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். அவர்களுடைய முக்கியக் கோரிக்கை, தங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது. எழுத்தறியாத மக்கள் எழுத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். உலகத் தொழிலாளர் வரலாற்றில் இதற்கு இணை தேடினால் எளிதில் கிடைக்காது. வயல்கள் தரிசாகக் கிடந்தன. தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளில் வேலை தந்து உதவினார்கள்.

ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி கைபிடித்து அழைத்துப் போனபோது, எதிர்த்தவர்கள் பள்ளிக்கே தீ வைத்தார்கள். பாதி எரிந்த ஒரு பெஞ்சு அந்தப் பள்ளியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 2022இல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டது. ஒரு குழந்தை உட்கார்ந்த பலகை தீட்டுப்பட்டுவிட்டது என்று எண்ணி, தம் சொந்தப் பிள்ளைகளின் பள்ளியையும் சேர்த்து எரித்தவர்களின் மனத்தை அந்தக் கரிந்த மரம் இன்னும் வைத்திருக்கிறது.

5. உளவியல் தரும் சான்றுகள்

இந்த வரலாற்றை இன்றைய ஆய்வுகளோடு ஒப்பிடுவது பயன் தரும்; அந்த ஆய்வுகளின் வரம்பையும் மனத்தில் வைக்க வேண்டும்.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் பள்ளிச் சிறுவர்களிடம் நடத்திய சோதனை 2006இல் ஆய்விதழில் வெளிவந்தது. சிறுவர்களுக்குச் சிக்கல்பாதைப் புதிர்கள் தரப்பட்டன. எவருடைய சாதியும் சொல்லப்படாதபோது மேல்சாதி, கீழ்சாதிச் சிறுவர்களின் திறனில் வேறுபாடு தென்படவில்லை. எல்லோர் முன்னிலையிலும் பெயரோடு சாதியும் அறிவிக்கப்பட்டபோது பெரிய இடைவெளி விழுந்தது. மூளை அதே மூளை. புதிர் அதே புதிர். பிறர் தன்னை எப்படி எண்ணுகிறார்கள் என்ற நினைப்பு, அந்தப் பையனின் கையிலிருந்த பென்சிலைத் தடுக்கிறது. இவ்வகைச் சோதனைகள் எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரி முடிவு தரவில்லை என்ற விமர்சனம் உண்டு. ஆனால் மட்டீரின் பதிவைப் படித்தவருக்கு இந்த முடிவு வியப்பளிக்காது.

எதிர்த்திசையில் செல்லும் சான்று தமிழ்நாட்டிலிருந்தே கிடைக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வுக்காக, விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளின் 54 ஊர்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். கரும்புக்கு வருமானம் ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அறுவடைக்கு முன் அடகு, கடன் என்று கை வறண்டிருக்கும். பின் சற்று ஆறுதல். அதே விவசாயி, அறுவடைக்கு முன் சிந்தனைச் சோதனைகளில் பின்தங்கினார், பின் தேறினார். புள்ளிவிவர முறை பற்றி மறுப்புரைகளும் எழுந்தன. பழக்கத்தால் வந்த தேர்ச்சி எவ்வளவு என்ற விவாதம் முடிந்துவிடவில்லை. இருந்தாலும் கடன்காரன் வாசலில் நிற்கும்போது தெளிவாகச் சிந்திப்பது கடினம் என்பதை எந்த விவசாயக் குடும்பமும் அறியும். எண்ணம் சூழலை ஆக்குகிறது என்பதைப் போலவே, சூழலும் எண்ணத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த கோட்பாடு இதற்கு வரிசை தருகிறது. முதலிடம், தானே செய்து பார்த்து வென்ற அனுபவத்துக்கு. அடுத்து, தன்னைப் போன்ற ஒருவர் செய்து காட்டுவதைப் பார்ப்பது. பேச்சால் ஊக்குவிப்பது அவற்றைவிட வலிமை குறைந்தது. வெங்கானூர் வண்டியை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். ஓட்டியவருக்கு அது முதல்வகை அனுபவம். வரப்பில் நின்று பார்த்தவர்களுக்கு இரண்டாம் வகை. நம் மேடைகளில் நடப்பது பெரும்பாலும் மூன்றாம் வகை மட்டுமே. காப்ரியேல் ஓட்டிங்கன், தாமஸ் வாடனோடு சேர்ந்து 1991இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே பொருந்தும். உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்களில், முடியும் என்ற எதிர்பார்ப்பு உள்ளவர்கள் அதிகம் குறைத்தார்கள். குறைந்துவிட்ட தம் உருவத்தை இனிதாகக் கற்பனை செய்து மகிழ்ந்தவர்கள் குறைவாகவே குறைத்தார்கள். நம்பிக்கையும் கனவும் ஒன்றல்ல.

6. பொருள்முதல் மறுப்பு

இதுவரை சொன்னதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ராபின் ஜெஃப்ரி, திருவிதாங்கூரில் நாயர் ஆதிக்கம் தளர்ந்ததைப் பற்றி 1976இல் வெளியிட்ட நூலில், பணப் பொருளாதாரத்தின் வருகை, மேனாட்டுக் கல்வி, தாய்வழி மரபான மருமக்கத்தாயக் கூட்டுக்குடும்பங்களின் சிதைவு ஆகியவை பழைய அடுக்கை உள்ளிருந்தே உடைத்ததை விரிவாகக் காட்டினார். தேங்காயும் கயிறும் விலைபோனபோது ஈழவர் கையில் காசு புழங்கியது. பல்பு சென்னைக்குப் போய்ப் படிக்க முடிந்ததற்கும் அய்யன்காளி வண்டி வாங்க முடிந்ததற்கும் பணம் வேண்டும். அய்யன்காளியின் தந்தை அய்யனுக்குச் சொந்தமாகச் சில ஏக்கர் நிலம் இருந்தது. அன்றைய புலையர் குடும்பத்துக்கு அது மிக அரிது. நிலமே இல்லாத ஒருவர் மனத்தில் அந்த வில்வண்டி எழுந்திருக்குமா?

எழுந்திருக்கலாம், சாலைக்கு வந்திருக்காது. இந்த மறுப்பின் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அது ஒன்றை விளக்காமல் விடுகிறது. சில ஏக்கர் நிலம் வைத்திருந்தவர் காளை வாங்கி உழுதிருக்கலாம், கூரையைப் பிரித்து ஓடு வேய்ந்திருக்கலாம், மேலும் நிலம் வாங்கியிருக்கலாம். தன் ஒருவன் வாழ்வு உயர அவையே போதும். அந்தப் பணத்தை எல்லோரும் பார்க்கும்படி சாலையில் ஓடும் ஒரு கேள்வியாக மாற்றியது பணம் அன்று. பொருள் வாய்ப்பைத் தருகிறது. வாய்ப்பு எத்திசையில் செலவாகும் என்பதில்தான் எண்ணம் வேலை செய்கிறது. 1911இல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்ட பிறகும் அய்யன்காளி அங்கே பேசியவை புறம்போக்கு நிலம், பள்ளி அனுமதி, கல்விச் சலுகை ஆகியவையே. சபை கூடிய விக்டோரியா ஜூபிலி மண்டபம் 2019 முதல் அய்யன்காளி மண்டபம் என்ற பெயரில் பாளையத்தில் நிற்கிறது. 1937 ஜனவரியில் காந்தி வெங்கானூர் வந்தபோது, தம் மக்களில் பத்துப் பேராவது பி.ஏ. ஆவதைப் பார்க்க வேண்டும் என்ற விருப்பத்தை அய்யன்காளி தெரிவித்தார். கண்ணுக்குத் தெரியும் அளவில், எண்ணிப் பார்க்கக்கூடிய எண்ணிக்கையில் கேட்டது அவர் மனத்தின் இயல்பு.

7. மறுபக்கத்து மனம்

வ.உ.சி.க்குத் திரும்புவோம். 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. ஆலனின் இன்னொரு நூலை 'அகமே புறம்' என்ற பெயரில் 1914இல் வெளியிட்டவர், சென்னையில் வறுமையோடு போராடினார். அவர் மனத்தில் ஊக்கம் இல்லாமல் போனதால் வந்த வறுமை என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஆலனிடமிருந்து அவர் பெற்றது செல்வத்துக்கான வழியன்று என்றே படிக்கிறேன். தன்னை அடக்கி வைத்தவர்கள் தன் உள்ளத்தின் இயல்பையும் தீர்மானிக்க விடாத ஓர் ஒழுக்கம் அது. அப்படிப் படித்தால் அந்த நூல் மதிப்புக்குரியது. பிறருடைய ஏழ்மைக்குக் காரணம் சொல்லும் நூலாகப் படித்தால் அது தீங்கானது.

இந்த விவாதத்தில் மிகக் குறைவாக ஆராயப்பட்டது, ஆதிக்கம் செய்தவர்களின் மனம் மாறிய கதை. வைக்கம் கோயிலைச் சுற்றிய சாலைகளில் எல்லாச் சாதியாரும் நடக்கும் உரிமைக்காக நடந்த வைக்கம் போராட்டத்தின்போது, 1924 நவம்பரில் இரண்டு சவர்ண (மேல்சாதி) ஊர்வலங்கள் திருவனந்தபுரத்தை நோக்கி நடந்தன. வைக்கத்திலிருந்து வந்ததை மன்னத்து பத்மநாபன் நடத்தினார். தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்து வந்ததை டாக்டர் எம்.இ.நாயுடு நடத்தினார். தீண்டாமையால் பயன்பெற்ற சாதிகளைச் சேர்ந்த 25,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு ரீஜண்ட் மகாராணி சேதுலட்சுமி பாயியிடம் தரப்பட்டது. தம் எண்ணம் பிறருடைய சூழலாக இருக்கிறது என்பதை அவர்கள் உணர்ந்து, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நடந்தார்கள். இந்த மனமாற்றம் எப்படி நேர்ந்தது, எந்தக் குடும்பங்களில் எந்த வாக்குவாதங்களுக்குப் பின் நேர்ந்தது, கையெழுத்திட மறுத்த அண்ணன் தம்பிகள் என்ன சொன்னார்கள் என்பதை நாம் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டும் நூல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இந்தப் பக்கத்து மனத்தைப் பற்றி ஓர் அலமாரி நிறையக்கூட இல்லை.

1925 பிப்ரவரி 7 அன்று திருவிதாங்கூர்ச் சட்டமன்றத்தில் அந்தக் கோயிலைச் சுற்றிய சாலைகளை எல்லோருக்கும் திறக்கக் கோரும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 21. எதிர்ப்பு 22. அவ்வாண்டு நவம்பரில் ஏற்பட்ட சமரசத்தில் மற்ற சாலைகள் திறந்தன. கிழக்குப் பக்கச் சாலை சவர்ணருக்கென்றே ஒதுக்கப்பட்டது. 1936 நவம்பர் 12இல் ஆலய நுழைவு அறிவிப்பு வரும்வரை அது மற்றவர்களுக்கு அப்படியே மூடிக் கிடந்தது.